கற்பனை ஜெர்மானிய மொழியின் பழங்கட்டம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆங்கிலம், ஜெர்மன் முதலியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்ததாகப் புனையப்படும் கற்பனை ஜெர்மானிய மொழி ஒன்றுக்கு ஆயிரம் ஆண்டுப் பழைமையுள்ள கட்டத்தை அமைக்க முனைவோரில் பலர், இன்றைய வடிவத்தை முதலில் செய்து முடித்துவிட்டு, அதன் சொற்களின் இறுதியில் சில பழைய விகுதிகளை ஒட்டி, அதுவே முன்னோர் மொழி என்று நிறுத்திவிடுகிறார்கள். மற்றத் தவறுகள் பலவும் இங்கிருந்தே பிறக்கின்றன. வேறுவேறாக இருந்த ஒலிகள் காலப்போக்கில் ஒன்றாகிவிடுவதுண்டு என்பதால், பின்னோக்கி நடப்பவருக்கு அவற்றைப் பிரித்தெடுக்க வழியிருக்காது. ஆங்கிலத்தின் ‘ஃபாதர்’, ‘பிரதர்’ இரண்டின் நடுவிலும் இன்று ஒரே ஒலிதான் கேட்கிறது. ஜெர்மனிலோ அவை ‘ஃபாட்டர்’, ‘புரூடர்’ எனப் பிரிந்தே நிற்கின்றன. அந்த வேறுபாடு மிகப் பழைய சொல்லழுத்தத்தின் எச்சம் என்பதை டென்மார்க் அறிஞர் கார்ல் வெர்னர் 1877இல் வெளியான கட்டுரையில் விளக்கினார். வேதகாலச் சமஸ்கிருதத்தில் ‘பிதா’வின் அழுத்தம் இரண்டாம் அசையிலும் ‘ப்ராதா’வின் அழுத்தம் முதல் அசையிலும் விழுவது அதற்குச் சான்று. ஆகவே இம்மொழிகளுக்கெல்லாம் பொது முன்னோரான மூல ஜெர்மானியத்தில் தொடங்கி முன்னோக்கி வருவதே சரியான வழி.

முன்னோக்கி வருபவரும் மாற்றங்களின் வரிசையைத் தவறவிட்டால் தடுமாறுவார். பாதங்களைக் குறித்த மூல ஜெர்மானியச் சொல் ‘ஃபோட்டிஸ்’ என்று மீட்டுருவாக்கப்பட்டுள்ளது. அதன் கடைசி அசையிலிருந்த இகரம் முன்னால் நின்ற ஓகாரத்தைத் தன் பக்கம் இழுத்தது. அவ்வாறு இழுத்த பிறகே அது உதிர்ந்தது. அதனால்தான் பழைய ஆங்கிலத்தில் ‘ஃபேட்’ என்ற பன்மை அமைந்தது. இன்றைய ‘ஃபீட்’ அதன் வழிவந்தது. இகரம் முதலிலேயே உதிர்வதாக வரிசையை மாற்றிவிட்டால், ஒருமையும் பன்மையும் ‘ஃபோட்’ என்று ஒன்றாகிவிடும். இத்தனை அழகான ஒரு பன்மை வகை முழுவதும் ஒரு வரிசைப் பிழையால் காணாமற்போவது வருத்தத்திற்குரியது.

கடன்சொற்களுக்கும் வயது உண்டு. லத்தீனிலிருந்து வந்த மிளகின் பெயர், உயர் ஜெர்மன் மெய்யொலி மாற்றத்திற்கு (ஜெர்மனில் பகரம் போன்ற மெய்கள் வேறு ஒலிகளாக மாறிய நிகழ்வு) முன்பே நுழைந்துவிட்டதால், தன் இரு பகரங்களையும் இழந்து ‘ப்ஃபெஃபர்’ ஆயிற்று. இடைக்காலத்தின் பிற்பகுதியில் நுழைந்த ‘பப்பீர்’ (காகிதம்) அவற்றை அப்படியே வைத்திருக்கிறது. எல்லாக் கடன்சொற்களையும் ஒரே மாற்றத்துக்குள் தள்ளுவது வரலாற்றை அழிப்பதாகும்.

மொழி வழங்கிய நிலத்தையும் முதலிலேயே முடிவுசெய்ய வேண்டும். ஐந்து என்பதற்கு, வழக்கொழிந்த ஜெர்மானிய மொழியான கோதிக்கில் ‘ஃபிம்ஃப்’ என்றும் வட கடலோரத்து மொழிகளில் ஒன்றான பழைய ஆங்கிலத்தில் மூக்கொலி கெட்டு ‘ஃபீஃப்’ என்றும் வழங்கியது. வட கடலோரத்து மொழி என்று சொல்லிக்கொண்டு அந்த மூக்கொலியை விட்டுவைத்தால் இரண்டும் பொருந்தா.

இறுதியாக, ஒலிவிதிகளை விலக்கே இல்லாமல் இயக்குவதும் தவறுதான். பழைய ஆங்கிலத்தில் புத்தகத்தைக் குறித்த ‘போக்’ என்ற சொல்லின் பன்மை ‘பேச்’. அந்த வடிவம் நிலைத்திருந்தால் இன்று ‘பீச்’ என்பதைப் போல ஒலித்திருக்கும். ஆனால் பேசுவோர் ஏனைய பெயர்ச்சொற்களை ஒட்டி ‘புக்ஸ்’ என்று ஆக்கிக்கொண்டார்கள். அத்தகைய திருத்தங்கள் சிலவற்றை, எந்தக் காலத்தில் நேர்ந்தன என்ற குறிப்போடு, உங்கள் சொற்பட்டியலிலும் சேர்த்துவிடுங்கள்.