மாதிரி விமான பெட்ரோல் இன்ஜின் சூடேறுகிறதா? புகையைக் கொண்டே குளிர்விக்கலாம்

தாமிரபரணிக் கரைத் தோட்டங்களில் ஜெட் பம்ப் பார்த்திருப்பீர்கள். சிறு துளையிலிருந்து பீறிடும் நீர், கிணற்று நீரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வெஞ்சுரி எனும் நடுவில் குறுகிய குழாய்க்குள் பாய்கிறது. இன்ஜின் புகையும் காற்றை அப்படியே இழுக்கும். அந்தக் காற்று இன்ஜினைத் தழுவிச் சென்று குளிர்விக்கும். 1947இல் முதன்முதலாகப் பறந்த கான்வேர் 240 பயணிகள் விமானத்தில் இந்த ஏற்பாடுதான் இருந்தது. விமானம் தரையில் நிற்கும்போதும் இது வேலை செய்யும். நம் கரிசல் காட்டு வெயிலுக்கு அதுவே பெரிய உதவி.

முதலில் குழாய். சைலன்சர் முனை 10 மி.மீ. விட்டம் என்றால், 25 மி.மீ. எவர்சில்வர் குழாயை 150 மி.மீ. நீளத்துக்கு வெட்டுங்கள். அதன் வாயில் பாத்திரக் கடைப் புனலின் அகன்ற பகுதியைப் பற்றவையுங்கள். துத்தநாகம் பூசிய தகரம் வேண்டவே வேண்டாம். சூடேறினால் நச்சுப்புகை வரும். பின்முனையை மெல்ல விரியவிடலாம், ஆனால் மொத்தக் கோணம் 7 டிகிரியைத் தாண்டக் கூடாது.

சைலன்சர் முனை புனலின் கழுத்தருகே, குழாயின் நடு அச்சில் நிற்க வேண்டும். சாய்ந்தால் புகை சுவரில் மோதி இழுவை குறையும்.

அடுத்ததுதான் உயிர்நாடி. குழாய் எளிதாகக் கிடைக்கும் காற்றையே இழுக்கும். மூக்கு மூடியின் (இன்ஜினை மூடும் முன்புற உறை) அடியில் விரல் நுழையும் இடைவெளி இருந்தால் போதும், காற்றெல்லாம் அந்த வழியே வந்துவிடும். சிலிண்டர் ஃபின்கள் (வெப்பத்தை வெளியேற்றும் மெல்லிய தகடுகள்) பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. ஆகவே, ஃபின்களை ஒட்டி அலுமினியத் தடுப்புத் தகடு வையுங்கள். தகட்டுக்கும் மூடிக்கும் இடையே சிலிக்கான் ரப்பர் பட்டை ஒட்டுங்கள். காற்றுக்கு ஃபின்களைத் தவிர வேறு வழியே இருக்கக் கூடாது.

சரிபார்க்க, ஒளி ஊடுருவும் சிறு குழாயை 'ப' வடிவில் வளைத்து, நிறநீர் ஊற்றுங்கள். ஒரு முனை தடுப்புக்கு முன்னே, மறுமுனை பின்னே. நீர்மட்ட வேறுபாடு 1 செ.மீ. என்றால் ஏறத்தாழ 98 பாஸ்கல். ஓட்டையை அடைக்க அடைக்க வேறுபாடு கூடும். ஆனி, ஆடி மேல்காற்றில் அளக்காதீர்கள். காற்று மூக்கில் மோதி அளவைக் கெடுக்கும். ஊதுபத்திப் புகையால் சோதிக்கவே வேண்டாம், பக்கத்தில் பெட்ரோல் இருக்கிறது.

வெப்பம் அளக்க, ஸ்பார்க் பிளக் அடியில் பொருத்தும் வளைய சென்சாரையே நான் வாங்கச் சொல்வேன். அகச்சிவப்புத் துப்பாக்கி பளபளக்கும் அலுமினியத்தில் வெப்பத்தைக் குறைத்துக் காட்டும்.

பின்சேர்க்கை: சில வாரங்களில் இழுவை குறைகிறது என்று பாளையங்கோட்டை நண்பர் ஒருவர் எழுதியிருந்தார். டூ-ஸ்ட்ரோக் எண்ணெய்க் கரி புனல் கழுத்தில் படிவதே காரணம். குழாயைத் திருகாணியால் மாட்டினால் கழற்றிச் சுரண்டலாம்.