மஞ்சள் கட்டங்களுக்கு யார் பொருள் சொல்வது? ஆய்வுக்குழுத் தரவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் ஆய்வுக்குழு கடலோர ஊர்களின் கிணற்று நீரில் உப்பு ஏறுவதைப் பல ஆண்டுகளாக அளந்து வருகிறது. முனைவர் பட்ட ஆய்வுக்கு நான் சேர்ந்த முதல் வாரம், பழைய அளவுகள் அடங்கிய எக்செல் கோப்பு ஒன்றை நெறியாளர் கொடுத்தார். திறந்து பார்த்தால் நாற்பதுக்கும் மேற்பட்ட கட்டங்கள் மஞ்சள் நிறத்தில் இருந்தன. ஏன் மஞ்சள் என்று குழுவில் யாருக்கும் தெரியவில்லை. நிரப்பியவர் பட்டம் முடித்து ஜெர்மனிக்குப் போய்விட்டார். மின்னஞ்சல் அனுப்பினேன். நான்கு நாள் கழித்துப் பதில் வந்தது: "சந்தேகமான அளவுகள் என்று நினைக்கிறேன் தம்பி. இல்லை, மழைக்குப் பிறகு எடுத்தவையாகவும் இருக்கலாம்."

சந்தேகமான அளவுகள் என்றால் நீக்கிவிட வேண்டும். மழைக்குப் பிறகு எடுத்தவை என்றால் அந்தக் கோப்பிலேயே விலைமதிப்பற்றவை அவைதான். வெயிலில் ஊர் ஊராய் அலைந்து ஒருவர் சேர்த்த உழைப்பு, ஒரு வரிக் குறிப்பு இல்லாததால் இப்படி அந்தரத்தில் நின்றது.

குழுவாகத் தரவை வைத்திருப்பவர்கள் செய்யும் பெரிய தவறு இதுதான்: பொருளை ஆளின் நினைவில் விட்டுவிடுவது. நிறம் குறிப்பாகாது. கோப்பை, எழுத்தையும் எண்ணையும் மட்டும் வைத்திருக்கும் சிஎஸ்வி வடிவில் சேமித்த நொடியே நிறமெல்லாம் போய்விடும். சந்தேகம் இருந்தால் 'குறிப்பு' என்று தனி நெடுவரிசை போட்டு, எழுத்தில் எழுதுங்கள். ஒவ்வொரு கோப்புறையிலும் ஒரு விளக்கக் கோப்பு இருக்கட்டும். எந்த நெடுவரிசை எதைக் குறிக்கிறது, அலகு என்ன, எந்தக் கருவியில் அளந்தது, அளவு கிடைக்காத இடத்தில் என்ன போட்டிருக்கிறது என்பதெல்லாம் அதில் வேண்டும். எங்கள் கோப்பில் ஒருவர், நீரின் உப்பைக் காட்டும் மின்கடத்துதிறனை மைக்ரோ சீமென்ஸிலும் இன்னொருவர் மில்லி சீமென்ஸிலும் பதிந்திருந்தார்கள். ஒரே நீர் ஓரிடத்தில் 1200, இன்னோரிடத்தில் 1.2. அளவு கிடைக்காத இடங்களில் -999 போட்டிருந்தார்கள். அதை அறியாமல் சராசரி எடுத்த ஒரு மாணவிக்கு ஒரு வாரம் வீணாயிற்று.

அடுத்த தவறு, மூலக்கோப்பிலேயே கைவைப்பது. மூன்றாவது கிணறு, நான்காம் முறை என்பதை எங்களில் ஒருவர் '3-4' என்று குறியிட்டார். எக்செல் அதைத் தேதியாக்கிவிட்டது. ஒரு மடிக்கணினியில் ஏப்ரல் 3, அமெரிக்க முறையில் அமைத்த இன்னொன்றில் மார்ச் 4. அப்படியே சேமித்தும் விட்டார்கள். களக்குறிப்பேடு இருந்ததால் பிழைத்தோம்.

இது எங்கள் குழுவின் கவனக்குறைவு மட்டுமல்ல. மரபணு ஆய்வாளர்களுக்கும் இதே தொல்லை இருந்தது. 'செப்ட்2', 'மார்ச்1' போன்ற மரபணுப் பெயர்களை எக்செல் செப்டம்பர், மார்ச் தேதிகளாக்கிவிடும். எக்செல் மரபணுப் பட்டியலை இணைப்பாகக் கொண்ட ஆய்வுக்கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருப்பதாக 2016இல் ஓர் ஆய்வு காட்டியது. கடைசியில் 2020இல் மரபணுப் பெயர்களையே மாற்றினார்கள்! மென்பொருளை நம்பி உட்காராமல், மூலத்தரவை யாரும் திருத்த முடியாதபடி பூட்டி வைத்துவிடுங்கள். திருத்தமெல்லாம் நகலில் மட்டும். ஒரே ஒரு நெடுவரிசையை மட்டும் வரிசைப்படுத்தி, எந்த அளவு எந்தக் கிணற்றுக்கு என்றே தெரியாமல் குழப்புவதும் நகலோடு போகும்.

கோப்புப் பெயரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 'இறுதி', 'இறுதி புதியது', 'இறுதி சரியானது' எல்லாம் வேண்டாம். ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தேதி போட்டால் கோப்புகள் தாமாகவே ஒழுங்காக நிற்கும்.

கோப்பு யார் கணக்கில் இருக்கிறது என்பதைப் பலரும் பார்ப்பதில்லை. ஒரு மாணவர் தம் கூகுள் டிரைவில் கோப்புறை தொடங்கி எல்லோருக்கும் பகிர்வார். வேலை நடக்கும். அவர் கணக்கு மூடப்பட்டால் கோப்புறையும் அதோடு போய்விடக்கூடும். துறையின் பெயரில் உள்ள கணக்கிலேயே தொடங்குவது நல்லது.

டிரைவில் இருப்பதால் பேக்கப் இருக்கிறது என்று நினைப்பதும் தவறு. கோப்பின் உரிமையாளர் அழித்தால் எல்லோருக்கும் அழியும். குப்பைத் தொட்டியில் 30 நாள்தான் இருக்கும். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வேறு இடத்தில் என்பது பழைய விதி. அதோடு, பிரதியிலிருந்து கோப்பு உண்மையிலேயே திரும்பி வருகிறதா என்று அவ்வப்போது எடுத்துப் பாருங்கள். ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் 2021 டிசம்பரில், சூப்பர் கம்ப்யூட்டரின் பேக்கப் நிரலே 77 டெராபைட் தரவை அழித்தது. கணினி தானாக எழுதிவைக்கும் பழைய பதிவுக்கோப்புகளை மட்டும் நீக்க வேண்டிய நிரல் அது. ஓடிக்கொண்டிருக்கும்போதே அதைப் புதுப்பித்ததால் ஏறத்தாழ 3.4 கோடி ஆய்வுக் கோப்புகள் போயின. பாதிக்கப்பட்ட 14 குழுக்களில் 4 குழுக்களின் தரவை மீட்க முடியவில்லை. தரவின் ஒரே பிரதியைச் சூப்பர் கம்ப்யூட்டரில்கூட வைக்கக் கூடாது.

மனிதர்களைப் பற்றிய விவரம் என்றால் இன்னும் கவனம் வேண்டும். கிணற்றுக்காரரின் பெயரும் கைபேசி எண்ணும் எங்கள் கோப்பில் முதல் இரண்டு நெடுவரிசைகளில் இருந்தன. அந்தக் கோப்பு வாட்ஸ்அப் குழுவில் சுற்றியது. நீர் உப்பு என்று வெளியே தெரிந்தால் அவர் நிலத்தின் விலை என்ன ஆகும்? நம்மை நம்பி வாளி இறக்க விட்டவர் அவர். இப்போது பெயர்ப்பட்டியல் தனிக்கோப்பில், நெறியாளர் பொறுப்பில் இருக்கிறது. பெயரை நீக்கினால் மட்டும் போதாது. ஊர், வயது, தொழில் மூன்றும் சேர்ந்தாலே சிற்றூரில் ஆளைச் சொல்லிவிடலாம்.

பட்டம் முடித்துப் போகிறவர் நிலுவையின்மைப் படிவத்தில் நூலகம், விடுதி, ஆய்வகம் என்று வரிசையாகக் கையெழுத்து வாங்குகிறார். தரவுக்கு அதில் இடம் இல்லை. எங்கள் குழுவில் நாங்களாக ஒன்றைச் சேர்த்திருக்கிறோம். போகிறவரின் ஆய்வேட்டிலிருந்து ஒரு வரைபடத்தைப் புதிதாக வந்த மாணவர் தேர்ந்தெடுப்பார். யாரையும் கேட்காமல், கோப்புறையையும் விளக்கக் கோப்பையும் மட்டும் வைத்து அதை மறுபடி வரைய வேண்டும். வந்தால்தான் நெறியாளர் கையெழுத்துப் போடுவார். சென்ற முறை மூன்று நாள் ஆயிற்று. இரண்டு அலகுகள் எழுதாமல் விடுபட்டிருந்தது அப்போதுதான் தெரிந்தது. எழுதியவர் அப்போது பக்கத்து மேசையிலேயே இருந்தார்.

அந்த மஞ்சள் கட்டங்களின் பொருள் கடைசிவரை தெரியவில்லை. அவற்றை என் ஆய்வேட்டில் சேர்க்காமல் விட்டேன்.