தாய்லாந்து எஃப்ஏ கோப்பையை முதல் சுற்றிலிருந்தே பின்தொடர்வது எப்படி

தாய்லாந்துக் கால்பந்துக்குப் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் முதல் டிவிஷனான தாய் லீக் 1 புள்ளிப் பட்டியலோடு நின்றுவிடுகிறார்கள், எல்லா டிவிஷன் கிளப்களும் மோதும் எஃப்ஏ (கால்பந்துச் சங்க) கோப்பையை அரையிறுதி நெருங்கும்போது மட்டும் எட்டிப் பார்க்கிறார்கள். அது ரொம்ப தாமதம். அரையிறுதியில் பெரும்பாலும் லீக்கில் ஏற்கெனவே பார்த்துப் பழகிய பெயர்கள்தான் மிஞ்சியிருக்கும், இந்தக் கோப்பையின் உயிர் இருப்பதோ அதற்கு மூன்று நான்கு சுற்று முன்னால். 2024 இறுதியை எடுத்துக்கொள்ளுங்கள். பாங்காக் யுனைடெட்டை எதிர்த்து ஆடிய காஞ்சனபுரி அணி அந்த சீசனில் தாய் லீக் 1இல் இருந்த கிளப்பே இல்லை, ஆனாலும் ஆட்டத்தை பெனால்டி வரை இழுத்துக்கொண்டு போனது. முதல் சுற்றிலிருந்தே அவர்கள் பின்னால் போனவருக்கு அந்த மாலை எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். இறுதியன்று மட்டும் டிவியைப் போட்டவருக்கு அது ஒரு ஆட்டம், அவ்வளவுதான்.

முதலில் எந்தக் கோப்பை எது என்று பிரித்துக்கொள்ளுங்கள், எல்லோரும் தடுக்கி விழும் இடம் இது. தாய்லாந்தில் எஃப்ஏ கோப்பை ஒன்று, லீக் கப் இன்னொன்று. இரண்டும் நாக்அவுட், அதாவது தோற்றால் வெளியே, இரண்டும் ஒரே சீசனில் நடக்கும், ஸ்பான்சர் பெயரோடு சேர்த்து எழுதும்போது எது எது என்றே தெரியாது. போதாக்குறைக்கு 2017இல் தொடங்கிய சாம்பியன்ஸ் கப் என்ற பெயரும் வரும், அது சீசன் தொடக்கத்துக்கான ஒரே ஒரு ஆட்டம். அதில் லீக் சாம்பியனும் எஃப்ஏ கோப்பை வென்றவரும் மோதுவார்கள், இரண்டையும் ஒரே கிளப் வென்றிருந்தால் லீக்கில் இரண்டாவது வந்த அணி வரும். பழைய செய்திகளைத் தோண்டினால் 1916இல் தொடங்கிய கோர் ராயல் கப், 1970இல் தொடங்கிய குவீன்ஸ் கப் என்ற பெயர்களும் வரும், அவை வேறு. எஃப்ஏ கோப்பை பல ஆண்டு இடைவெளிக்குப் பிறகு 2009இல் மீண்டும் தொடங்கியது. இப்போது நாம் பேசும் வரிசை அதிலிருந்துதான், அந்த முதல் கோப்பையை வென்றது தாய் போர்ட், அதுவும் பெனால்டியில்.

அடுத்து பிரமிடு, அதாவது டிவிஷன்களின் அடுக்கு. தாய் லீக் 1, அதற்குக் கீழே தாய் லீக் 2, அதற்கும் கீழே தாய் லீக் 3. மூன்றாவதை வட்டாரம் வட்டாரமாகப் பிரித்திருக்கிறார்கள்: வடக்கு, வடகிழக்கு, கிழக்கு, மேற்கு, தெற்கு என்று. அதற்கும் கீழே அமெச்சூர் கிளப்கள். எஃப்ஏ கோப்பையில் இவை எல்லாம் ஒரே பானைக்குள் விழுகின்றன. ஒரு மாகாணத்துச் சிறு கிளப் தன் மைதானத்தில் ஆசியப் போட்டிகளில் ஆடும் கிளப்பைச் சந்திக்க இது மாதிரி நாக்அவுட் கோப்பைகள்தான் வழி.

சரி, யாரோடு யார் மோதுவது என்ற குலுக்கல் வந்ததும் என்ன செய்வது? அட்டவணையைத் திறந்து ஒவ்வொரு கிளப் பெயருக்கும் பக்கத்தில் அது எந்த டிவிஷன் என்று 1, 2, 3 என எண் போடுங்கள். நான் காகிதத்தில்தான் போடுகிறேன், கை எழுதும்போதுதான் பெயர் மனதில் நிற்கிறது. எண் போட்டு முடித்ததும் வித்தியாசம் இரண்டு உள்ள ஆட்டங்களை வட்டமிடுங்கள், அதிலும் கீழ் டிவிஷன் கிளப் சொந்த மைதானத்தில் ஆடுவது எது என்று பாருங்கள், உங்கள் மாலைகளை அவற்றுக்கு ஒதுக்குங்கள். அப்புறம் பெரிய கிளப்பின் நாட்காட்டியைப் பாருங்கள். அந்த வாரமே ஆசியப் போட்டி இருக்கிறதா, லீக்கில் முக்கியமான ஆட்டம் பக்கத்தில் வருகிறதா? இருந்தால் பயிற்சியாளர் பாதி அணியை மாற்றி இறக்க வாய்ப்பு அதிகம். தூரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தாய்லாந்து நீளமான நாடு, வடக்கே சியாங்ராயிலிருந்து தெற்கே சோங்க்லாவுக்குப் போவதென்றால் 1,500 கிலோமீட்டருக்கும் மேல். மழையையும் மறக்க வேண்டாம். இப்போது சீசன் ஆகஸ்ட் வாக்கில் தொடங்குகிறது, அக்டோபர் வரை மழை இருக்கும், சேறான சிறு மைதானத்தில் பந்தைச் சுழற்றி ஆடும் பணக்கார அணியின் பாதி பலம் போய்விடும்.

ஆட்ட முறை எளிது. ஒரே ஆட்டம்தான், சமநிலை என்றால் கூடுதல் நேரம், அதற்கும் பிறகு பெனால்டி. சின்ன கிளப்பின் கணக்கே இதை நம்பித்தான். 60 நிமிடம் கோல் விழாமல் தாங்கினால் எதிரணி பதறத் தொடங்கும், 90 தாங்கினால் அரங்கமே அவர்களுடையது. தாய்லாந்து மொழியில் இதற்கு அழகான ஒரு சொல் உண்டு: 'லொம் யக்'. லொம் என்றால் வீழ்த்துவது, யக் என்றால் அரக்கன். நம் யட்சன்தான் அங்கே யக் ஆகியிருக்கிறான். பெரிய அணியைச் சிறிய அணி வீழ்த்திய மறுநாள் தலைப்புகளில் இந்தச் சொல்லைப் பார்க்கலாம்.

மொழியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், கீழ்ச்சுற்றுச் செய்திகள் ஆங்கிலத்தில் மிகக் குறைவு, தாய்லாந்து மொழியில்தான் முழுதாக வரும். எல்லோரையும் போல மொழிபெயர்ப்புக் கருவியைத்தான் நானும் நம்புகிறேன், ஆனால் அது மூன்று இடத்தில் நம்மைக் கவிழ்க்கும்.

ஒன்று, ஆண்டு. அங்கே புத்த ஆண்டு. நம் ஆண்டோடு 543 கூட்ட வேண்டும், 2024 என்பது 2567. அதையும் சுருக்கி 67 என்று எழுதுவார்கள். 2024–25 சீசனைத் தேட வேண்டுமென்றால் 2567/68 என்று தேடுங்கள், வராமல் போக்குக் காட்டிய முடிவுகளெல்லாம் வரிசையாக வந்து நிற்கும்.

இரண்டு, பட்டப்பெயர். தாய்லாந்து விளையாட்டுச் செய்தியாளர்கள் கிளப்பின் பெயரை எழுதுவதைவிடப் பட்டப்பெயரை எழுதுவதே அதிகம். கருவி அதை அப்படியே மொழிபெயர்த்துவிடும், சுறா வண்டைக் கடித்தது என்று ஒரு வாக்கியம் வந்து விழும், தலையும் புரியாது வாலும் புரியாது. சுறா என்றால் சோன்புரி. கொம்பு வண்டு என்றால் சியாங்ராய், வடதாய்லாந்தில் வண்டுச் சண்டை பழைய பொழுதுபோக்கு. துறைமுகச் சிங்கம் போர்ட். தீ வௌவால் சுகோதாய். மின்னல் மாளிகை என்று வந்தால் அது புரிராம், அந்த மாகாணத்தில் பழைய கெமர் கற்கோயில்கள் இருக்கின்றன, தாய்லாந்து மொழியில் அவற்றை 'பிரசாத்' என்கிறார்கள். முயல் என்றால் பிஜி பதும், பழைய பெயர் பாங்காக் கிளாஸ், 2014 கோப்பையை வென்றது அந்தப் பழைய பெயரில். கிரின் என்ற கற்பனை விலங்கு வந்தால் முவாங்தோங். இந்த ஏழும் தெரிந்தால் தலைப்புகளில் பெரும்பகுதி பிடிபட்டுவிடும்.

மூன்று, சுற்றுகளின் பெயர். முதல் சுற்று, இரண்டாம் சுற்று என்று எண்ணுவதைவிட 64 அணிச் சுற்று, 32 அணிச் சுற்று, 16 அணிச் சுற்று என்று எழுதுவதே அங்கே வழக்கம். 'ரோப்' என்றால் சுற்று. பக்கத்தில் இருக்கும் எண்ணைப் பாருங்கள், போதும்.

ஊர்ப் பெயர்களைக் கண்டு பயப்படத் தேவையே இல்லை, நமக்கு அது பாதி தெரிந்த வீடு. சோன்புரி, ராட்சபுரி, காஞ்சனபுரி எல்லாவற்றிலும் இருப்பது நம் புரிதான். நகோன் ராட்சசிமா, நகோன் பதோம் என்பதில் உள்ள நகோன் நம் நகரம். பதும் தானி, உதோன் தானி என்று முடிபவற்றில் இருப்பது நம் ராஜதானியின் தானி. அயுத்தயா என்றால் அயோத்தி. கிளப்களில் பாதிக்கு மேல் மாகாணத்தின் பெயரையே வைத்திருப்பதால், ஒரு நாட்டு வரைபடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரே ஒரு சீசன் பார்த்தாலே தாய்லாந்தின் மாகாணங்கள் முக்கால்வாசி மனப்பாடம் ஆகிவிடும்.

எந்த அணியைப் பின்தொடர்வது என்று கேட்டால், ஒரு பெரிய அணி, ஒரு சின்ன அணி என்று இரண்டு வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். பெரிய அணிக்குப் புரிராமைப் பலர் எடுப்பார்கள். 2009க்குப் பிறகு இந்தக் கோப்பையை அதிகம் வென்றது அவர்கள்தான்: 2011, 2012, 2013, 2015, அப்புறம் 2021–22, 2022–23, 2024–25. லீக், எஃப்ஏ கோப்பை, லீக் கப் மூன்றையும் ஒரே சீசனில் அள்ளியதே பல தடவை. எனக்கு அதைவிட சியாங்ராய் கதை பிடிக்கும். வட எல்லையில் இருக்கும் கிளப், 2017இல் பாங்காக் யுனைடெட்டை 4–2 என்று வென்று முதல் எஃப்ஏ கோப்பையைத் தூக்கியது, மறு ஆண்டு இறுதியில் புரிராமையே 3–2 என்று வீழ்த்தியது. அந்த இரண்டு முறையும் பயிற்சியாளர் பிரேசிலின் அலெக்சாண்ட்ரே காமா, 2015இல் புரிராமுக்கு இதே கோப்பையை வாங்கிக் கொடுத்தவர். சியாங்ராய் 2020–21இல் மூன்றாவது முறையும் வென்றது, சோன்புரிக்கு எதிராக, பெனால்டியில்.

சின்ன அணியை உங்களுக்காக வேறு யாரும் தேர்ந்தெடுக்க முடியாது. 64 அணிச் சுற்றின் பட்டியலில் ஏதாவது ஒரு மாகாணத்துப் பெயர் கண்ணில் ஒட்டும், அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். அவர்களின் பேஸ்புக் பக்கத்தைத் தேடிப் பின்தொடருங்கள், கீழ் டிவிஷன் கிளப்களின் செய்தி முழுக்க அங்கேதான், ஆட்டத்தை நேரலையாகப் போடுவதும் பல நேரம் அங்கேதான். பெரிய ஆட்டங்களின் ஒளிபரப்பு உரிமை சீசனுக்கு சீசன் மாறும், ஆகவே தாய்லாந்து கால்பந்துச் சங்கத்தின் அதிகாரபூர்வப் பக்கத்தை ஆட்டத்துக்கு முந்தின நாள் பார்த்துவிடுங்கள். நேரக் கணக்கு: தாய்லாந்து இந்திய, இலங்கை நேரத்தைவிட ஒன்றரை மணி முன்னால், மலேசிய, சிங்கப்பூர் நேரத்தைவிட ஒரு மணி பின்னால். மாலை 6, 7 மணிக்குத் தொடங்கும் ஆட்டங்கள்தான் அதிகம்.

2016ஐ மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும், வென்றவர்கள் பட்டியலைப் பார்ப்பவர்கள் அந்த வரியில் திகைத்து நிற்பார்கள். அந்த ஆண்டுக்கு நேரே நான்கு கிளப்கள் இருக்கும்: சைனாட், சோன்புரி, ராட்சபுரி, சுகோதாய். அச்சுப்பிழை இல்லை. 2016 அக்டோபர் 13 அன்று மன்னர் பூமிபோல் காலமானார், நாடே துக்கத்தில் இருந்தது, கால்பந்து சீசனும் அத்தோடு முடிந்தது. அரையிறுதிக்கு வந்திருந்த நான்கு அணிகளையும் கூட்டு வெற்றியாளர்களாக அறிவித்தார்கள். கோப்பையை நான்காகப் பகிரலாம், ஆசிய சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்று இடம் ஒன்றுதானே? அதற்குச் சீட்டுக் குலுக்கினார்கள், சுகோதாய்க்கு விழுந்தது. 2017இல் அவர்கள் மியான்மரின் யதனார்போனை வென்றார்கள், அடுத்து ஷாங்காய் எஸ்ஐபிஜியிடம் தோற்றுத் திரும்பினார்கள். இந்தக் கோப்பையை வெல்லும் கிளப்புக்கு ஆசியாவுக்கான கதவு திறக்கும் என்பதை ஒரு குட்டி கிளப்பின் பயணமாக நினைவில் வைத்துக்கொள்ள இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

நேரில் போகும் வாய்ப்பு கிடைத்தால் யோசிக்காமல் போங்கள். சிறிய மைதானங்களில் டிக்கெட் பெரும்பாலும் தாய்லாந்து நாணயத்தில் 100 பாட் அளவில்தான் இருக்கும், வாசலிலேயே வாங்கலாம், பணமாகக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பாங்காக்கின் பழைய தேசிய அரங்கமான சுபசலாசாய் பல இறுதி ஆட்டங்களைப் பார்த்தது, பிடிஎஸ் ரயிலில் நேஷனல் ஸ்டேடியம் நிலையத்தில் இறங்கினால் எதிரேயே இருக்கும். ரங்சித் பக்கம் தம்மசாட் அரங்கம் என்றால் நகரத்தை விட்டு வடக்கே போக வேண்டும், வெள்ளிக்கிழமை மாலை என்றால் இரண்டு மணி நேரம் முன்னதாகவே கிளம்புங்கள். புரிராமில் ஆட்டம் பார்க்க ஆசைப்பட்டால் பாங்காக்கிலிருந்து சுமார் 400 கிலோமீட்டர், இரவு ரயில் இருக்கிறது, 32,000 பேருக்கும் மேல் உட்காரும் அரங்கம்.

அணிகள் விவரம் ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் வந்துவிடும், உள்ளே போனதும் முதலில் அதைப் பாருங்கள், பெரிய கிளப் யாரையெல்லாம் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறது என்று அதிலேயே தெரிந்துவிடும். ஊர்க்காரர்கள் பக்கம் உட்காருங்கள். மேளம் அங்கேதான், பாட்டும் அங்கேதான். மாலை சரியாக 6 மணிக்குத் தாய்லாந்து முழுக்கப் பொது இடங்களில் தேசிய கீதம் ஒலிக்கும். அந்த நேரம் கையில் பொட்டலம் இருந்தாலும் கீழே வைத்துவிட்டு எல்லோரோடும் எழுந்து அசையாமல் நில்லுங்கள். கீதம் முடிந்து மேளம் திரும்பத் தொடங்கும்போது நீங்கள் கையில் எண் போட்ட அந்தக் காகிதம் இருக்கட்டும், பக்கத்தில் இருப்பவரிடம் காட்டுங்கள், மொழி தெரியாவிட்டாலும் 3 என்ற எண்ணும் 1 என்ற எண்ணும் அவருக்குப் புரியும்.