அமெரிக்க முன்னாள் படைவீரருக்கு இங்கே இலங்கையில் ஆஸ்பத்திரிச் செலவு: காசைத் திரும்பக் கேட்பது எப்படி?

பெரிய மாமா அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர், 1991 வளைகுடாப் போருக்கும் போனவர். இப்போது பண்டாரவளையில் வீடு கட்டிக் குடியேறிவிட்டார். போன மார்கழிப் பனியில் ஒரு ராத்திரி அவருக்கு மூச்சு இழுப்பு வந்தது. பதறிப்போய்த் தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம். 1990 ஆம்புலன்ஸ் நம்பருக்கு அடித்து அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் இவ்வளவு செலவு வந்திருக்காது. அந்த நேரத்தில் யாருக்கு அதெல்லாம் தோன்றும்? நாலு நாள் கழித்து பில்லைப் பார்த்த மாமிக்கும் இழுப்பு வராத குறைதான்.

முதலில் விஏ, அதாவது அமெரிக்க முன்னாள் படைவீரர் துறை, கொடுத்த ரேட்டிங் கடிதத்தை எடுங்கள். எந்த நோய் படைச் சேவையால் வந்தது என்று அதில்தான் இருக்கும். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு விஏ நடத்தும் மருத்துவத் திட்டம் எஃப்எம்பி (Foreign Medical Program). படைச் சேவையால் வந்தது என்று விஏ ஒப்புக்கொண்ட நோய்க்கும், அந்த நோயை மோசமாக்கும் கோளாறுக்கும்தான் அதில் காசு. மாமாவின் கடிதத்தில் ஆஸ்துமா இருந்தது. போர்க்களத்து நச்சுப் புகையால் வந்த நோய்களுக்காக 2022இல் வந்த பாக்ட் சட்டத்தின் புண்ணியம்.

இணையத்தில் தேடினால் '72 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும்' என்று எங்கும் வரும். அதைப் படித்துவிட்டு நான் ஒரு இரவு தூங்கவில்லை. அது அமெரிக்காவுக்குள் அவசரத்துக்கு விஏ அல்லாத வெளி ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களுக்கான விதி. நமக்குச் சிகிச்சை முடிந்து இரண்டு வருடம் வரை நேரம் இருக்கிறது.

திட்டத்தில் பதிய 10-7959எஃப்-1 படிவம், காசு கேட்க 10-7959எஃப்-2 படிவம். இரண்டும் விஏ தளத்தில் கிடைக்கும், நிரப்புவது சுலபம்.

என்னைப் படுத்தியது பில். ஆஸ்பத்திரி தந்த பில்லில் மொத்தத் தொகை மட்டும்தான் இருந்தது. விஏ கேட்பது தேதிவாரியாக, எதற்கு எவ்வளவு என்று பிரித்த பில். டாக்டர் பெயர், அவருடைய தகுதி, முகவரி, நோயின் பெயர் எல்லாம் வேண்டும். கவுண்டரில் 'டீட்டெய்ல் பில்' என்று கேளுங்கள், தருவார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது தரும் டயக்னோசிஸ் கார்டையும் கட்டாயம் சேருங்கள். காசு கட்டிய ரசீது இல்லாவிட்டால் கட்டியது நீங்கள்தான் என்று எப்படிக் காட்டுவது?

அடுத்தது ஃபார்மசி. டவுன் கடையில் தந்த துண்டுச்சீட்டில் 'மருந்து 4,850' என்று ஒரே வரி. மருந்தின் பெயர், எத்தனை மில்லிகிராம், எத்தனை மாத்திரை, ஒவ்வொன்றின் விலை எல்லாம் எழுதித் தரச்சொல்லி மூன்று முறை நடந்தேன். கடைசியில் முதலாளியே சீல் குத்தித் தந்தார். டாக்டர் எழுதிய துண்டையும் அதோடு வைத்தேன்.

போனில் படம் எடுத்தால் மூலை மங்கும், நிழல் விழும். கொமியூனிகேஷன் கடையில் கொடுத்து ஸ்கேன் செய்வதே என் கட்சி. அப்புறம் மூலப்பிரதிகளைக் கையை விட்டு அனுப்பாதீர்கள், நகல் போதும். நான் தபாலில் ஈஎம்எஸ் என்ற விரைவு அஞ்சலில் போட்டேன். சாதாரணத் தபாலை நம்ப எனக்கு மனம் வரவில்லை.

பிறகு சேர்த்தது: ஹட்டனிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். அவருடைய அப்பாவுக்கு ரேட்டிங் முழங்காலுக்கு, ஆஸ்பத்திரிக்குப் போனதோ டெங்குவுக்கு. இந்தத் திட்டத்தில் அது வராது, அவசரமாக இருந்தாலும் சரி. இன்னொருவர் பில் சிங்களத்தில் இருப்பதாக எழுதியிருந்தார். ஆஸ்பத்திரியிலேயே ஆங்கிலப் பில் கேட்டு வாங்கிவிடுங்கள்.