தேவகோபத்தைப் பற்றிய வேதப்பகுதிகளை வாசிக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓர் ஊரில் பேரழிவு நிகழ்ந்தாலோ, ஒரு குடும்பத்தில் அடுத்தடுத்து இழப்புகள் நேர்ந்தாலோ, அங்கே என்ன பாவம் நடந்திருக்கும் என்று தேடத் தொடங்குவதும், கண்டுபிடித்துவிட்டதாக நினைக்கும் பாவத்துக்கு ஏற்ற வசனம் ஒன்றை எடுத்துக்காட்டுவதும் வேதத்தை நன்கு அறிந்தவர்களும் எளிதில் செய்துவிடும் தவறு. இதற்கு வேதாகமத்துக்குள்ளேயே நேரடியான மறுப்பு இருக்கிறது. லூக்கா 13ஆம் அதிகாரத்தின் தொடக்கத்தில், பலி செலுத்த வந்த கலிலேயரைப் பிலாத்து கொன்ற செய்தியைச் சிலர் இயேசுவிடம் கொண்டுவருகிறார்கள். அவரோ அதனோடு, சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்ததையும் தாமே சேர்த்துக்கொள்கிறார். முதலாவது ஓர் ஆளுநரின் கொடுமை, இரண்டாவது விபத்து. இறந்தவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளோ என்ற கேள்விக்கு இரண்டிலும் அவர் தரும் பதில், அப்படியல்ல என்பதே. பிறகு, மனந்திரும்பாவிட்டால் நீங்களும் கெட்டுப்போவீர்கள் என்று, செய்தி கொண்டுவந்தவர்களின் பக்கமே கேள்வியைத் திருப்பிவிடுகிறார். அடுத்து வரும் அத்திமர உவமையில், மூன்று வருடமாகக் கனி கொடாத மரத்தை வெட்டச் சொல்லும் எஜமானிடம் தோட்டக்காரன் இன்னும் ஒரு வருடம் தவணை கேட்கிறான்; மரம் பிறகு கனி கொடுத்ததா என்பதை உவமை சொல்வதில்லை. எச்சரிக்கை இங்கே முழு வலுவோடு இருக்கிறது. ஆனால் அதை இன்னொருவரின் சாவின்மேல் பொருத்திப் பார்க்கும் உரிமை யாருக்கும் தரப்படவில்லை.

இந்தத் தவறை நீண்ட உரையாடலாகவே விரித்துக் காட்டுவது யோபுவின் நூல். எல்லாவற்றையும் இழந்து நோயில் கிடக்கும் யோபுவிடம் அவனுடைய தோழர் எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் ஆகிய மூவரும் சொல்லும் வாக்கியங்களைத் தனித்தனியே எடுத்தால் அவற்றுள் பல பக்திக்குரியவை, நீதிமொழிகளில் இடம்பெற்றாலும் வேறுபாடு தெரியாதவை. (அவர்கள் செய்தவற்றில் மிகச் சிறந்தது முதல் ஏழு நாள் வாய் திறவாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்ததுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.) துன்பம் வந்திருக்கிறது, ஆகவே குற்றம் இருந்திருக்க வேண்டும் என்று பின்னோக்கிக் கணக்கிட்டதே அவர்களுடைய பிழை. நூலின் முடிவில் கர்த்தர் தமக்குக் கோபம் மூளுவதாகச் சொல்வது யோபுவின்மேல் அல்ல, எலிப்பாசின்மேலும் அவனுடைய இரண்டு தோழர்மேலும். அவர்கள் தப்பியதும் யோபு அவர்களுக்காக ஜெபித்ததால்தான்.

இப்படிக் கணக்கிடுவோர் பெரும்பாலும் உபாகமம் 28ஆம் அதிகாரத்தின் ஆசீர்வாதங்களையும் சாபங்களையும் ஆதாரமாகக் காட்டுவார்கள். அந்த அதிகாரம் உடன்படிக்கை செய்துகொண்ட ஒரு தேசத்தை நோக்கிப் பேசுகிறது. தனிமனிதர் ஒவ்வொருவருடைய ஆயுளையும் செல்வத்தையும் அதைக்கொண்டு அளக்க முடியாது என்பதை இராஜாக்களின் வரலாறே காட்டுகிறது. எருசலேமைக் குற்றமற்றவர்களின் இரத்தத்தால் நிரப்பியவன் என்று பழிக்கப்படும் யூதாவின் ராஜா மனாசே 55 வருடம் அரசாண்டு தன் அரமனைத் தோட்டத்திலேயே அடக்கம்பண்ணப்பட்டான். முழு இருதயத்தோடு கர்த்தரிடம் திரும்பியவன் என்று போற்றப்படும் அவனுடைய பேரன் யோசியாவோ கி.மு. 609இல் மெகிதோவில் பார்வோன் நேகோவின் கையில் மாண்டான். நாளாகமத்தின் ஆசிரியர் இதே வரலாற்றைத் திரும்பச் சொல்லும்போது, மனாசே சிறைப்பட்டு மனந்தாழ்ந்ததையும், நேகோவின் வாயிலாக வந்த எச்சரிப்பை யோசியா கேளாமற்போனதையும் சேர்த்துச் சொல்கிறார். இரண்டு பதிவுகளும் அருகருகே விடப்பட்டிருக்கையில், வாசகர் அவசரப்பட்டு ஒரே சூத்திரத்தை வகுப்பது நூலைவிட அதிகம் தெரிந்தவராகக் காட்டிக்கொள்வதாகும்.

பழைய ஏற்பாட்டில் கோபமுள்ள தேவன், புதிய ஏற்பாட்டில் அன்புள்ள தேவன் என்று பிரிப்பது மிகப் பழைய தவறு. கி.பி. 144இல் ரோமச் சபையால் விலக்கப்பட்ட மார்சியோன் இப்பிரிவினையை இறுதிவரை கொண்டுசென்று, எபிரெய வேதத்தை முழுவதுமாகத் தள்ளி, லூக்காவின் சுவிசேஷத்தையும் பவுலின் பத்து நிருபங்களையும் கத்தரித்து வைத்துக்கொண்டார். புதிய ஏற்பாட்டை வைத்துக்கொள்ளவே அதையும் கத்தரிக்க வேண்டியிருந்தது என்பதிலேயே அவருடைய கொள்கையின் பலவீனம் தெரிகிறது. அனனியாவும் சப்பீராளும் விழுந்து இறப்பதும், ஏரோது புழுப்புழுத்து மடிவதும் அப்போஸ்தலர் நடபடிகளில்தான். ஓய்வுநாளில் சூம்பின கையையுடையவனைக் குணமாக்குவதை எதிர்த்து மௌனமாயிருந்தவர்களை இயேசு கோபத்துடனே பார்த்தார் என்று எழுதுவது மாற்கு. மறுபுறம், இரக்கமும் கிருபையும் நீடிய சாந்தமும் உள்ளவர் என்ற அறிக்கை யாத்திராகமம் 34இல் வருகிறது. எப்பிராயீமை (வட இஸ்ரவேலை) எப்படிக் கைவிடுவேன் என்று தேவன் தமக்குள்ளேயே குழம்புவதாகக் காட்டுவது ஓசியா 11ஆம் அதிகாரம்.

தேவகோபத்தை மனிதரின் முன்கோபத்தைப் போலக் கற்பனை செய்வது இன்னொரு தவறு. அதற்குச் சான்றாக அடிக்கடி காட்டப்படுவது 2 சாமுவேல் 6இல் வரும் ஊசாவின் மரணம்: மாடுகள் மிரண்டபோது உடன்படிக்கைப் பெட்டி விழாதபடி கைநீட்டிப் பிடித்தவன் அந்த இடத்திலேயே செத்தான். இதை வாசிப்பவர்கள் பெட்டி வண்டியில் ஏற்றப்பட்டதையே கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள். லேவியரில் ஒரு பிரிவினரான கோகாத் புத்திரர் அதைத் தண்டுகளில் வைத்துத் தோளில் சுமக்க வேண்டும், தொட்டால் சாவார்கள் என்பது எண்ணாகமத்தில் ஏற்கெனவே சொல்லப்பட்டிருந்தது. புது வண்டியில் பெட்டியை ஏற்றியவர்கள் அதற்கு முன்பு பெலிஸ்தர். அடுத்த முறை லேவியரின் தோளில் பெட்டியைக் கொண்டுவரச் செய்யும்போது, முதல் முறை நியாயமானபடி தேவனைத் தேடாமற்போனதைத் தாவீது வெளிப்படையாகச் சொல்கிறான் (1 நாளாகமம் 15). ஆயினும் இந்த விளக்கத்தோடு எல்லாம் தீர்ந்துவிட்டதென்று நடந்துகொள்வதும் சரியல்ல. சம்பவம் நடந்த அன்று தாவீதே மனக்கசப்படைந்து, பயந்து, பெட்டியை மூன்று மாதம் ஓபேத்ஏதோமின் வீட்டில் விட்டுவிட்டான் என்பதை மூலநூல் மறைக்கவில்லை. அந்த அதிர்ச்சியை வழித்துத் துடைத்துவிடும் விளக்கவுரைகளைவிட அது நேர்மையானது.

தண்டனை விழும் நாளை மட்டும் வாசித்து, அதற்கு முன் கழிந்த காலத்தைக் கணக்கில் எடுக்காமல் விடுவதாலும் இந்தக் கற்பனை வலுப்பெறுகிறது. வட இஸ்ரவேல் ராஜ்யம் தனித்துப் பிரிந்தது முதல் கி.மு. 722 வாக்கில் சமாரியா விழும்வரை ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் சென்றன. எலியா, ஆமோஸ், ஓசியா ஆகிய தீர்க்கதரிசிகள் பேசியது அந்த இடைவெளியில்தான். எருசலேமின் அழிவைச் சொல்லுமுன், கர்த்தர் தமது ஜனத்தின்மேல் இரக்கங்கொண்டு ஸ்தானாபதிகளை (தூதர்களை) திரும்பத்திரும்ப அனுப்பினார் என்று நாளாகமம் பதிவுசெய்கிறது. அவ்வாறு உரைக்கப்பட்ட எச்சரிக்கைகளை மாறாத முன்னறிவிப்புகளாக எடுத்துக்கொள்வதும் பிழையே. நினிவே இன்னும் நாற்பது நாளில் கவிழ்க்கப்படும் என்று யோனா அறிவித்தது நிபந்தனை எதுவும் சேர்க்காத வாக்கியம். இருந்தும் நகரம் மனந்திரும்பியது, தண்டனை வரவில்லை. நான் தீங்கு கூறிய தேசம் மனந்திரும்பினால், செய்ய நினைத்த தீங்கை நானும் விட்டுவிடுவேன் என்ற விதியை எரேமியா 18 பொதுவாகவே சொல்கிறது. யோனாவின் நூலில் நகரம் தப்பியதற்காகக் கடுங்கோபம் கொள்பவன் தீர்க்கதரிசிதான்.

பிதாக்களின் அக்கிரமத்தை மூன்றாம் நான்காம் தலைமுறைவரை விசாரிப்பேன் என்ற பத்துக் கட்டளைகளின் வாசகத்தைப் பிடித்துக்கொண்டு, நோயுற்ற பிள்ளையின் பெற்றோரிடம் பரம்பரைச் சாபத்தைப் பற்றிப் பேசுவோர் உண்டு. அதே வாக்கியத்தில் 'என்னைப் பகைக்கிறவர்களை' என்ற வரையறையும், ஆயிரம் தலைமுறைவரை இரக்கம் என்ற வாக்கும் இருக்கின்றன. பாபிலோன் சிறையிருப்பிலிருந்தவர்கள் தங்கள் நிலைக்கு முன்னோரையே காரணம் காட்டி, பிதாக்கள் திராட்சக்காய்களைத் தின்றார்கள், பிள்ளைகளின் பற்கள் கூசிப்போயின என்று பழமொழி பேசியபோது, எசேக்கியேல் 18ஆம் அதிகாரம் அதை இனி சொல்லவே கூடாது என்று தடைசெய்கிறது. பிறவிக் குருடனைப் பார்த்து, பாவம் செய்தவன் இவனோ இவனைப் பெற்றவர்களோ என்று சீஷர்கள் கேட்டதற்கும் இயேசு இரண்டையும் மறுத்தார்.

எது தேவனுக்குக் கோபமூட்டுகிறது என்பதை வேதத்திடம் கேளாமல், தமக்கு ஏற்கெனவே பிடிக்காதவற்றையே பட்டியலிட்டுக்கொள்வது நுட்பமான தவறு, ஏனெனில் அதைச் செய்பவருக்கு அது தெரிவதில்லை. ஆமோஸ் தமஸ்குவில் தொடங்கி, காசா, தீரு, ஏதோம், அம்மோன், மோவாப் என்று சுற்றியுள்ள ஒவ்வொரு பகைவரின் குற்றத்தையும் வாசித்துக்கொண்டே வருகிறார். கேட்டுக்கொண்டிருந்த இஸ்ரவேலருக்கு அதுவரை தலையாட்டுவதில் சிரமம் இருந்திராது. பிறகு யூதா, அதன்பின் அவர்களே. எளியவனை ஒரு ஜோடு பாதரட்சைக்கு விற்றது அவர்களுடைய குற்றச்சாட்டின் முதல் வரிசையிலேயே நிற்கிறது. சோதோமின் பேரைச் சொல்லிப் பிறரைக் கண்டிப்பவர்கள், கர்வத்தையும் ஆகாரத்திரட்சியையும் (உணவுச் செழிப்பையும்) எளியவனுடைய கையைப் பலப்படுத்தாமற்போனதையும் அதன் அக்கிரமமாக எசேக்கியேல் 16 குறிப்பிடுவதை அரிதாகவே வாசித்துக் காட்டுகிறார்கள்.

இந்தத் தவறுகளுள் மிகவும் ஆபத்தானது தண்டிக்கும் கோலைத் தன் கையில் எடுத்துக்கொள்வது. அசீரியாவைத் தம் கோபத்தின் கோல் என்று அழைக்கும் அதே ஏசாயா 10ஆம் அதிகாரம், அந்த அசீரிய ராஜாவின் பெருமைக்காக அவனையும் விசாரிப்பதாகச் சொல்கிறது. கோலாக இருந்தது அவனுக்குக் குற்றவிலக்கு ஆகவில்லை. தங்களை ஏற்றுக்கொள்ளாத சமாரியக் கிராமத்தின்மேல் எலியாவைப் போல அக்கினியை வரவழைக்கலாமா என்று கேட்ட யாக்கோபையும் யோவானையும் இயேசு அதட்டினார். பாபிலோனின் குழந்தைகளைக் கல்லில் மோதியடிப்பவனைப் பாக்கியவான் என்னும் 137ஆம் சங்கீதத்தின் கடைசி வசனத்தைப் போன்ற கொடிய வரிகளையும் இதோடு சேர்த்தே வாசிக்க வேண்டும்: அவை ஊரையும் ஆலயத்தையும் இழந்து நாடுகடத்தப்பட்டவர்களின் கதறல், யாருக்கும் கொடுக்கப்பட்ட கட்டளை அல்ல. பழிவாங்குதல் எனக்குரியது என்ற உபாகம வாக்கியத்தைப் பவுல் ரோமருக்கு எழுதுகையில் மேற்கோள் காட்டுவதும், தேவனுடைய கோபாக்கினைக்கு இடங்கொடுத்துவிட்டு, பசித்திருக்கும் சத்துருவுக்குப் போஜனம் கொடுக்கும்படி சொல்வதற்காகத்தான்.