கச்சானுக்கு முன் புல் சேமித்தல்: திருகோணமலைப் பட்டிக்காரருக்கான வழிகாட்டி

திருகோணமலை மாவட்டத்தில் புல்லை நம்பி மாடு வளர்ப்பவர், ஆவணி மாத வறட்சியில் தமது பட்டி எதைத் தின்னும் என்பதைத் தை மாதத்திலேயே தீர்மானித்துவிட வேண்டும். வாடைக்காற்றோடு வரும் மழை தைக் கடைசியில் ஓயத் தொடங்கிவிடும். வைகாசி தொடக்கம் தென்மேற்கிலிருந்து வீசும் வறண்ட கச்சான் காற்று எஞ்சிய ஈரத்தையும் உறிஞ்சிவிடுவதால், அதன் பின்னர் புல் தழைக்கும் என்று காத்திருப்பதில் பயனில்லை.

முதலில் மேய்ச்சல் தரையை ஐந்து பகுதிகளாகப் பிரியுங்கள். எல்லைகளில் சீமைக்கிளுவைக் (கிளிரிசிடியா) கதியால்களை முதல் மழையோடு ஊன்றினால் வேலியும் தழைத் தீவனமும் ஒன்றாகக் கிடைக்கும். பகுதிக்கு ஒரு வாரமாகப் பட்டியை மாற்றிக்கொண்டு வந்தால் ஒவ்வொரு பகுதிக்கும் நான்கு வார ஓய்வு அமையும். கினிப்புல்லை 15 சென்டிமீற்றருக்குக் கீழே மேயவிடக் கூடாது, ஏனெனில் மறுபடி துளிர்ப்பதற்கான சத்து அடித்தண்டில்தான் இருக்கிறது. குடற்புழுக்களின் குஞ்சுகளும் தரையை ஒட்டிய பகுதியிலேயே மிகுதியாகத் தங்குகின்றன. வேர்வரை மேய்ந்து வெறுமையான தரையில் மாடுகளுக்கு நஞ்சான நாயுண்ணிச் செடி எளிதில் குடியேறிவிடும்.

மழைக்காலத்தில் புல் செழித்திருக்கிறது என்று அசட்டையாக இருக்கலாகாது. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயலை ஒட்டி வீசிய குளிர்காற்றில் வடக்கிலும் கிழக்கிலும் பெருந்தொகையான மாடுகள் இறந்ததை நாம் மறக்க முடியாது. நனைந்து மெலிந்த மாடுகளையும் கன்றுகளையும் ஒதுக்குவதற்கு, மேட்டுநிலத்தில் வடகிழக்குப் பக்கம் அடைத்த ஒரு கொட்டகையேனும் அவசியம்.

மார்கழிக் கடைசியில் ஒரு பகுதியை மூடிவிட்டு, மாசி வெயிலில், பூக்கும் தறுவாயில் அந்தப் புல்லை அறுத்து, இரண்டு மூன்று நாள் புரட்டிக் காயவைத்து, தரையில் படாதவாறு பரண்மேல் அடுக்குங்கள். ஈரம் மீந்தால் பூஞ்சணம் பிடித்து முழுவதும் வீணாகும்.

பெரும்போக (மழைக்கால) நெல் அறுவடை முடிந்ததும் வயலில் கிடக்கும் வைக்கோலை எரிக்க விடாதீர்கள். என் கருத்தில் இந்த மாவட்டத்தில் வீணாகும் மிகப்பெரிய தீவனம் அதுதான். கந்தளாய்க் குளத்து நீர் பாயும் தம்பலகாமம் போன்ற இடங்களில் சிறுபோக (கோடைகால) விதைப்புக்கு முன்னர் மாடுகள் வயலைவிட்டு வெளியேற வேண்டியிருப்பதால், வைக்கோலை உடனே ஏற்றிவிடுவது நல்லது. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 100 லீற்றர் நீரில் முழுமையாகக் கரைத்து, படைபடையாகத் தெளித்து மிதித்து, காற்றுப் புகாதபடி பொலித்தீனால் மூடி மூன்று வாரம் வையுங்கள். கொடுக்குமுன் பரப்பி வாடை போக ஆறவிட வேண்டும். ஆறு மாதத்துக்குட்பட்ட கன்றுகளுக்கு இதைக் கொடுக்கவே கூடாது. யூரியாக் கரைசலை மாடு குடித்துவிட்டால் இறந்துபோகும். ஆகவே வாளியையும் பையையும் பட்டிக்கு எட்டாத இடத்தில் வைத்துப் பூட்டுங்கள்.

சீமைக்கிளுவைத் தழையை மாடுகள் முதலில் மணத்தினால் ஒதுக்கும். ஒருநாள் வாடவிட்டு, வைக்கோலுடன் சிறிது சிறிதாகக் கலந்து பழக்கினால் விரும்பித் தின்னும். கோடையில் வளர்ந்த மாடொன்றுக்கு நாளொன்றுக்கு 40 லீற்றர் நீராவது நிழலில் வைக்க வேண்டும்.

பரணில் உள்ள தீவனம் போதாது என்று சித்திரையில் தெரிந்தால், உபரி நாம்பன்களை (இளங்காளைகளை) உடலில் சதை இருக்கும்போதே விற்றுவிடுங்கள். ஆடியில் எலும்பு தெரியும் மாட்டுக்கு அதில் பாதி விலைகூடக் கேட்க முடியாது.