ரங்கூன் வீட்டில் ஃபைட்டர் மீன் குஞ்சு எடுப்பது எப்படி?

ஃபைட்டர் மீனை ஜோடி சேர்ப்பது பெரிய வித்தை இல்லை. குஞ்சுகளைக் காப்பாற்றுவதில்தான் கோட்டை விடுகிறோம். என் முதல் தடவை நூற்றுக்கு மேல் பொரித்தன. அவித்த மஞ்சள் கருவைக் கரைத்து ஊற்றினேன். நாலே நாளில் தண்ணீர் கெட்டு நாறிவிட்டது, ஒரு குஞ்சும் மிஞ்சவில்லை. இன்னும் அது மனதை விட்டுப் போகவில்லை. அதனால் தீனியிலிருந்தே தொடங்குகிறேன்.

1. முதலில் குஞ்சுத் தீனி

ஜோடி சேர்ப்பதற்கு ஒரு வாரம் முன்பே ஒரு கண்ணாடி ஜாடியில் பழைய தொட்டித் தண்ணீரை ஊற்றி, காய்ந்த வாழையிலைத் துண்டு ஒன்றைப் போட்டு ஜன்னலோரம் வையுங்கள். தண்ணீர் பால் போலக் கலங்கி, அப்புறம் தெளிய ஆரம்பிக்கும். அப்போது வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் தூசு தானாக நகர்வது போல இருக்கும். அதுதான் இன்ஃபுசோரியா என்கிற நுண்ணுயிர்கள். ஆர்ட்டீமியா என்கிற குட்டி உப்புநீர் இறாலின் முட்டையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

2. தொட்டி

20 முதல் 40 லிட்டர் தொட்டி, தண்ணீர் 12 முதல் 15 செ.மீ. உயரம் போதும். மணலோ கல்லோ வேண்டாம். விழுகிற முட்டை ஆணின் கண்ணில் பட வேண்டும். தண்ணீரில் குளோரின் இருக்கக் கூடாது. காய்ந்து விழுந்த நாட்டு வாதுமை இலையைக் கழுவிப் போடுங்கள். பெண் ஒளிந்துகொள்ள ஒரு மூலையில் செடி அடர்த்தியாக இருக்கட்டும். பாதியாக வெட்டிய ஃபோம் கப்பை மிதக்கவிட்டால் ஆண் அதன் அடியில் நுரைக்கூடு கட்டும்.

சூடு 27, 28 டிகிரி இருக்க வேண்டும். நான் மழைக்காலத்தில்தான் செய்கிறேன். மார்கழி, தை இரவுகளில் ஹீட்டர் இல்லாமல் முடியாது. கரண்ட் போனால் அதுவும் நின்றுவிடும்.

3. ஜோடி சேர்ப்பது

இரண்டுக்கும் பத்து நாள் கொசுப்புழு போன்ற உயிர்த்தீனி கொடுங்கள். கொசுப்புழு வாளியை மட்டும் அப்படியே விட்டுவிடாதீர்கள், டெங்கு வரும்.

பெண்ணை நேராக ஆணிடம் விடவே கூடாது. முதல் ஒரு நாள் கண்ணாடிப் பாத்திரத்துக்குள் வைத்துக் காட்டுங்கள். பெண்ணின் உடம்பில் குறுக்குக் கோடுகள் தெரிந்து, வயிறு உப்பி, ஆணும் கூடு கட்டியிருந்தால் திறந்துவிடலாம். கொஞ்சம் துரத்தும், துடுப்பு கிழியும். பெண் ஓரத்தில் ஒடுங்கிவிட்டாலோ உடம்பில் காயம் பட்டாலோ உடனே பிரித்துவிடுங்கள்; அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்.

சரியாக அமைந்தால் ஆண் தன் உடம்பை வளைத்துப் பெண்ணைச் சுற்றிக்கொள்ளும். வெள்ளை வெள்ளையாக முட்டைகள் உதிரும். அவை தரையைத் தொடுவதற்குள் ஆண் பாய்ந்து வாயில் கவ்வி, ஒவ்வொன்றாக நுரைக்குள் வைக்கும். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி. பெண்ணுக்கு முட்டை தீர்ந்ததும் ஆண் அதை விரட்டும். அப்போதே பெண்ணை வெளியே எடுத்துவிடுங்கள்.

4. ஆணின் பொறுப்பு

ஒன்றரை நாளில், சில சமயம் இரண்டு நாளில் பொரிக்கும். குஞ்சுகள் வால் கீழே தொங்க நுரையில் ஒட்டியிருக்கும். விழுவதை ஆண் பொறுக்கிக் கொண்டுவந்து வைக்கும். இந்த நாட்களில் ஆணுக்குத் தீனி வேண்டாம், ஃபில்டரும் ஓட வேண்டாம். இன்னும் இரண்டு மூன்று நாளில் குஞ்சுகள் படுக்கைவாட்டில் நீந்தத் தொடங்கும். அன்றே ஆணை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் குஞ்சுகளைத் தின்றாலும் தின்னும்.

5. முதல் ஒரு மாதம்

நீந்தத் தொடங்கிய நாளிலிருந்து இன்ஃபுசோரியா, ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை. நாலைந்து நாள் கழித்து, அன்றன்று பொரித்த ஆர்ட்டீமியா. ஒரு லிட்டர் தண்ணீரில் 25 கிராம் கல்லுப்பு கரைத்து, அதன் முட்டையைப் போட்டு, காற்று விட்டு வைத்தால் ஒரு நாளில் பொரியும். தின்ற குஞ்சின் வயிறு ஆரஞ்சு நிறத்தில் தெரியும். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வரும்.

தொட்டியை மூடியே வையுங்கள். நீர்மட்டத்துக்கு வந்து காற்றை விழுங்கி மூச்சுவிடும் உறுப்பு மூன்று நான்கு வாரத்தில்தான் உருவாகும். அந்தச் சமயம் மேலே இருக்கும் காற்று வெதுவெதுப்பாகவும் ஈரமாகவும் இருப்பது நல்லது. ஸ்பான்ஜ் ஃபில்டரை மெதுவாக ஓடவிடுங்கள். அடியில் சேரும் அழுக்கை மெல்லிய காற்றுக்குழாயால் உறிஞ்சி, அந்த அளவுக்கு அதே சூட்டுத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள்.

இரண்டு, இரண்டரை மாதத்தில் ஆண்கள் ஒன்றையொன்று கடிக்க ஆரம்பிக்கும். அதற்குள் ஒவ்வொன்றுக்கும் தனிப் பாத்திரம் வேண்டும். நூறு குஞ்சில் பாதி ஆண் என்றால் ஐம்பது பாத்திரம். அவ்வளவு இடம் உங்கள் ஃப்ளாட்டில் இருக்கிறதா, யாருக்கெல்லாம் கொடுக்கப் போகிறீர்கள் என்பதை வாழையிலையை ஜாடியில் போடுவதற்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள்.